குளியலறை ஒழுகுகிறதா? டைலுக்கு அடியில் என்ன பூசுவது

தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் குளியலறையில் கைவைப்பது வழக்கம். டைலின் நிறம், ஷவர், கண்ணாடிக் கதவு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். டைலுக்கு அடியில் போகும் நீர்த்தடுப்புப் பூச்சை மட்டும் குத்தகையாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். டைல் ஒட்டிய பிறகு அந்தப் பூச்சு யார் கண்ணுக்கும் தெரியாது. அதில் குறை இருந்தால் சில மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டுச் சீலிங்கில் மஞ்சள் வட்டமாகத்தான் தெரியவரும். அதைச் சரிசெய்யப் புது டைல் முழுவதையும் உடைக்க வேண்டியிருக்கும்.

பலரிடம் உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டைல் நீரைத் தடுப்பதில்லை. டைல் பலகை நீரை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு டைல்களுக்கு இடையே போடப்படும் சிமெண்ட் கிரவுட் நீரை உறிஞ்சும். நாள்தோறும் நான்கைந்து பேர் குளிக்கும் வீட்டில் கிரவுட் வழியாக இறங்கும் ஈரம் அடியிலுள்ள மணல் சிமெண்டில் தேங்கி நிற்கும். கோலா எனப்படும் தண்ணீர்த் தொட்டியில் மொண்டு குளிக்கும் வீடுகளில் தரை காயவே நேரம் இருப்பதில்லை. அந்த ஈரம் கான்கிரீட்டுக்குள் போகாமல் தடுப்பது பூச்சு மட்டுமே. எபோக்ஸி கிரவுட் போட்டால் உறிஞ்சுவது வெகுவாகக் குறையும். அப்போதும் அது பூச்சுக்கு மாற்றாகாது.

தமிழில் ஒழுக்கு, ஒழுக்கம் இரண்டும் ‘ஒழுகு’ என்ற ஒரே வினையடியிலிருந்து பிறந்த சொற்கள். தண்ணீர் தன் வழியில் ஒழுக வேண்டும். அந்த வழி தரையிலுள்ள வடிகுழாய். வேறு எங்கு ஒழுகினாலும் அண்டை வீட்டோடு சண்டைதான்.

ஒழுகுவது பூச்சா, குழாயா?

சீலிங் நனைந்தவுடன் தரையை உடைக்க ஆள் கூப்பிடுவது அவசர புத்தி. தண்ணீர்க் குழாய் கசிந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சுப் பூசினாலும் சொட்டு நிற்காது.

வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். கழிப்பறைத் தொட்டி நிரம்பி முடிந்திருக்க வேண்டும். யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரத்தில் மீட்டர் முள் நகர்ந்தால் அழுத்தத்தில் உள்ள ஏதோ ஒரு குழாய் கசிகிறது. வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் மட்டத்தையும் கவனிக்க வேண்டும். தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாயில் கசிவு இருந்தால் மீட்டர் உடனே காட்டாது.

மீட்டர் நகரவில்லை என்றால் அந்தக் குளியலறையை இரண்டு மூன்று நாள் பயன்படுத்தாமல் மூடிவைத்துப் பார்க்கலாம். சொட்டு நின்றுவிட்டால் தரையோ வடிகுழாயோதான் காரணம். இந்த இரண்டில் எது என்று பிரித்தறிவதற்கும் வழி உண்டு. வடிகுழாயின் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டு, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி ஒருநாள் வைக்க வேண்டும். கீழே சொட்டினால் தரைப் பூச்சு போய்விட்டது. சொட்டவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை வடிகுழாயில் மட்டும் ஊற்றுங்கள். அப்போது சொட்டினால் குழாய் இணைப்பில் கோளாறு. தண்ணீரில் உணவுச் சாயம் கலந்துவிட்டால் கீழே வருவது எந்தத் தண்ணீர் என்பதில் வாக்குவாதமே இருக்காது. மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

வடிகுழாய் இணைப்பு மட்டும் காரணம் என்றால் அந்த ஓர் அடிச் சதுரத்தை உடைத்துச் சரிசெய்தால் போதும். முழுக் குளியலறையையும் உடைக்கச் சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

உடைக்காமல் சரிசெய்யலாம் என்பவர்கள்

டைலை உடைக்கத் தேவையில்லை, ஒரே நாளில் வேலை முடியும் என்று விளம்பரங்கள் நிறைய வருகின்றன. இவற்றில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, டைலின் மேல் தெளிக்கும் நிறமில்லாத திரவம். ‘நானோ’ என்ற பெயரில் விற்கப்படுபவையும் இதில் அடங்கும். அது கிரவுட்டின் நுண்துளைகளுக்குள் புகுந்து உறிஞ்சுதலைக் குறைக்கும். கிரவுட் வழியாக மட்டும் லேசாக ஈரம் இறங்கும் குளியலறையில் கொஞ்ச காலம் பலன் தரலாம். மூலையில் விரிசல் இருந்தாலோ வடிகுழாயைச் சுற்றி இடைவெளி இருந்தாலோ பலனில்லை.

மற்றொன்று பியூ கிரவுட்டிங். கீழ்வீட்டுச் சீலிங்கிலிருந்து கான்கிரீட்டில் துளையிட்டு, பாலியூரிதேன் பிசினை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அது நீரைத் தொட்டதும் நுரைத்து விரிந்து விரிசலை அடைக்கும். சொட்டு அன்றே நின்றுவிடுவதால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மேலே பூச்சு போனது போனதுதான். டைலுக்கு அடியில் தண்ணீர் தேங்குவது தொடரும். ஒரு வழி அடைபட்டால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். அதற்கிடையில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழவும் கூடும். மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்காத நிலையில் கீழ்வீட்டுக்காரர் தற்காலிகமாகச் செய்துகொள்ளக்கூடிய வேலை இது. நிரந்தரத் தீர்வு என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

இவற்றுக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய டைல் தட்டிப் பார்க்கும்போது எங்கும் பொள்ளல் ஓசை இல்லாமல் உறுதியாக இருந்தால், அதை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிடிப்புக்கான பிரைமர் அடித்து, அதன் மேல் நெகிழும் சிமெண்ட் பூச்சைப் பூசிப் புது டைல் ஒட்டலாம். உடைக்கும் செலவும் தூசும் மிச்சம். தரை மட்டம் ஓர் அங்குலம் வரை உயரும் என்பதை மறந்துவிடக் கூடாது. வாசல் மேடு ஏற்கெனவே தாழ்வாக இருந்தால் குளியலறைத் தண்ணீர் படுக்கையறைக்குள் வந்துவிடும். வடிகுழாயின் வாயையும் புது மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். பூச்சில்லாமல் டைல் மேல் டைல் மட்டும் ஒட்டினால் ஒழுக்கு அப்படியே இருக்கும்.

பூச்சு வகைகள்

ஹார்ட்வேர் கடையில் சிக்கா, மாபேய், டேவ்கோ என்று பல நிறுவனங்களின் வாளிகள் வரிசையாக இருக்கும். நிறுவனத்தின் பெயரைவிட வாளிக்குள் இருப்பது எந்த வகை என்பதுதான் முக்கியம்.

சிமெண்ட் வகைதான் டைல் குளியலறைக்கு மிகவும் பழக்கமானது. தூள் ஒரு பையிலும் பால் போன்ற பாலிமர் திரவம் ஒரு கலனிலும் வரும். இரண்டையும் சொன்ன அளவில் கலந்து தூரிகையால் பூசுவார்கள். இதன் பெரிய நன்மை, டைல் ஒட்டும் பசையும் சிமெண்ட் கலவையும் இதன் மேல் நேரடியாகப் பிடிக்கும் என்பது. லேசாக ஈரமான கான்கிரீட்டிலும் பூசலாம். நம் நாட்டுச் சீதோஷ்ணத்தில், மழைக்காலத்தில் உடைத்த தரை முழுவதும் காய நாளாகும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. சிமெண்ட் வகையிலும் இறுகியது, நெகிழ்வது என இரண்டு உண்டு. பாலிமர் குறைவாக உள்ள இறுகிய வகை மலிவு. ஆனால் மேல்மாடித் தளம் சற்றே அசைந்தாலும் அதோடு சேர்ந்து விரிசல் விடும். தூளும் திரவமும் தனித்தனியாக வரும் நெகிழும் வகை மயிரிழை விரிசலைத் தாங்கும். மேல்மாடிக் குளியலறைக்கு நெகிழும் வகையே ஏற்றது.

அக்ரிலிக் வகை ஒரே வாளியில் தயாராக வரும். திறந்து பூசினால் போதும் என்பதால் சொந்தமாக வேலை செய்பவர்களுக்குப் பிடிக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கூரைக்கும் வெளிச் சுவருக்கும் செய்யப்பட்ட அக்ரிலிக் பூச்சுகள் எந்நேரமும் ஈரத்தில் ஊறினால் மென்மையாகிவிடும். டைலுக்கு அடியில் ஈரமான அறைகளில் பூசலாம் என்று வாளியிலேயே எழுதியிருந்தால் மட்டும் வாங்க வேண்டும். கூரைக்கு வாங்கி மிச்சமானதைக் குளியலறைக்குப் பூசுவது வீண்.

பியூ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலியூரிதேன் ரப்பர் போல் இழுபடும். விரிசலைத் தாங்குவதில் இதற்கு நிகர் குறைவு. விலையும் அதற்கேற்ப அதிகம். ஆனால் இது முழுவதும் காய்ந்த தரையைக் கேட்கும். ஈரத்தின் மேல் பூசினால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வழவழப்பான அதன் மேல் டைல் பசை பிடிக்காது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலைத் தூவி, அது இறுகிய பிறகு ஒட்டாத மணலைப் பெருக்கிவிட்டுத்தான் மேல் வேலையைத் தொடர வேண்டும். ‘பியூ பூசுகிறேன்’ என்று சொல்லும் குத்தகையாளரிடம் ‘மணல் தூவுவீர்களா?’ என்று கேட்டாலே அவர் வேலை தெரிந்தவரா என்பது தெரிந்துவிடும்.

கறுப்பாக இருக்கும் தார் வகைப் பூச்சு மலிவானது. அதன் மேலும் டைல் நேரடியாகப் பிடிக்காது, மணல் சிமெண்ட் போட்டு மூட வேண்டும். நெருப்பில் உருக்கி ஒட்டும் தார் விரிப்பு மொட்டை மாடிக்கு நல்லது. நான்கு மூலை, ஐந்தாறு குழாய் உள்ள சின்னக் குளியலறையில் அதை மடித்து ஒட்டுவது பெரும்பாடு. டைலுக்கு அடியில் பசையால் ஒட்டும் பாலிஎத்திலீன் விரிப்புகளும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு இருக்கும் என்பது அவற்றின் சிறப்பு. பழக்கமுள்ள ஆள் கிடைத்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

மணல் சிமெண்டில் கலக்கும் நீர்த்தடுப்புத் திரவத்தை மட்டும் ஊற்றிவிட்டு ‘வாட்டர்ப்ரூஃப் செய்தாகிவிட்டது’ என்பாரும் உண்டு. அது கலவை நீரை உறிஞ்சுவதைக் குறைக்கும். விரிசல் விட்டால் அதன் கதை முடிந்தது. தனிப் பூச்சோடு சேர்த்துப் போட்டால் நல்லது, தனியாக அது போதாது.

ஆக, பெரும்பாலான மேல்மாடிக் குளியலறைகளுக்கு இரு பாகமாக வரும் நெகிழும் சிமெண்ட் பூச்சுதான் பொருத்தமானது. தளத்தில் ஏற்கெனவே விரிசல் ஓடியிருந்தாலோ கட்டடம் பழையதாகி அசைவு அதிகம் இருந்தாலோ பியூவுக்குச் செலவிடலாம். தோட்டத்து வீடுகளிலும் தாமான்களில் உள்ள ஒற்றைமாடி வீடுகளிலும் குளியலறை மண்ணின் மேல் இருக்கிறது. அங்கே ஒழுகி நனைய கீழ்வீடு இல்லை. தரையைவிடச் சுவரில்தான் கவனம் வேண்டும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் படுக்கையறையாகவோ சாமி மேடையாகவோ இருந்தால், அந்தப் பக்கம் சுண்ணாம்பு உப்பிப் பெயர்வதற்குச் சுவரில் பூச்சில்லாததே பெரும்பாலும் காரணம்.

மூலை, குழாய், வாசல்

எந்த வகை வாங்கினாலும் அது ஒழுகும் இடங்கள் ஒன்றுதான். நடுத்தரையில் பூச்சு கிழிந்து ஒழுகியதாகக் கேள்விப்படுவது அரிது. தரையும் சுவரும் சேரும் மூலை, தளத்தைத் துளைத்து இறங்கும் குழாய்கள், வடிகுழாயின் வாய், வாசல் மேடு ஆகிய நான்கு இடங்களில்தான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கிறது.

மூலை கூர்மையாக இருந்தால் பூச்சு அங்கே மெலிந்துவிடும். முதலில் மணல் சிமெண்டால் மூலையைச் சரிவாக நிரப்பி, முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையை அல்லது மூலைக்கென்று விற்கும் நாடாவை அதில் பதித்து, அதன் மேல் அடுத்த பூச்சுப் பூச வேண்டும். குழாயைச் சுற்றியும் அப்படியே. பிவிசி குழாயும் கான்கிரீட்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இடைவெளியைக் கொஞ்சம் கொத்தியெடுத்து, சுருங்காத கிரவுட் அல்லது பியூ சீலண்ட் வைத்து அடைத்த பிறகே பூச வேண்டும்.

வடிகுழாயின் வாயோடு பூச்சு நின்றுவிடக் கூடாது, அதன் உட்புறத்துக்குள் இறங்க வேண்டும். இது நடக்கிறதா என்று வீட்டுக்காரர் நேரில் நின்று பார்ப்பது தகும். டைலை உடைக்கும்போது உளி பட்டு வடிகுழாய் விரிவதும், உடைத்த சிமெண்ட் உள்ளே விழுந்து அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. உடைக்கத் தொடங்கும் முன்பே வாயை அடைக்கச் சொல்ல வேண்டும்.

வாசல் மேட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூச்சு வாசல் மேட்டுக்கு முன்பே நின்றுவிட்டால், டைலுக்கு அடியிலுள்ள மணல் சிமெண்டில் ஊறிய ஈரம் மேட்டுக்கு அடியால் வெளியே வரும். குளியலறைக் கதவின் மரச்சட்டம் அடியில் உளுத்துப்போவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

சுவரில் எவ்வளவு உயரம் பூசுவது? ஷவர் இருக்கும் பக்கம் ஆறடி வரை, மற்ற இடங்களில் குறைந்தது ஓரடி. ஷவரில் நிற்பவர் தோள் உயரத்துக்கும் தண்ணீர் தெறிக்கிறது என்பதால் அரையடி உயரம் பூசிவிட்டு முடித்துக்கொள்வது போதாது.

பூச்சைக் கான்கிரீட் தளத்தில் நேரடியாகப் பூசி, அதன் மேல் சரிவுக்கு மணல் சிமெண்ட் போட்டு டைல் ஒட்டுவது இங்குள்ள வழக்கம். இதில் மணல் சிமெண்ட் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கிரவுட் கறுப்பதும் வெள்ளை உப்புப் பூப்பதும் அதனால்தான். சரிவை முதலில் போட்டு, அதன் மேல் பூசி, உடனே டைல் ஒட்டினால் ஈரம் தங்க இடமில்லை. கையில் பணமிருந்தால் தளத்தில் ஒருமுறையும் சரிவின் மேல் ஒருமுறையும் பூசலாம். எப்படிச் செய்தாலும் வடிகுழாயை நோக்கி ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செண்டிமீட்டர் வரை சரிவு இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் தரையில் நல்ல பூச்சும் விரைவில் சோதனைக்கு உள்ளாகும்.

எத்தனை கிலோ வேண்டும்?

குத்தகையாளர் கொண்டுவரும் வாளியைப் பார்த்தே வேலையின் தரத்தை ஓரளவு கணிக்கலாம். ஐந்தடி அகலம் ஏழடி நீளமுள்ள குளியலறையை எடுத்துக்கொள்வோம். தரை 35 சதுர அடி. சுற்றளவு 24 அடி என்பதால் சுவரில் ஓரடி உயரம் பூச 24 சதுர அடி. ஷவர் மூலையில் இரு பக்கமும் மூன்றடி அகலத்துக்கு இன்னும் ஐந்தடி உயரம் பூச 30 சதுர அடி. மொத்தம் 89 சதுர அடி, அதாவது சுமார் 8 சதுர மீட்டர்.

இரு பாக சிமெண்ட் பூச்சு இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் அமைய, சதுர மீட்டருக்குச் சுமார் 3 முதல் 3.5 கிலோ வரை தேவைப்படும். சரியான அளவு பையிலேயே அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்குப்படி இந்தக் குளியலறைக்கு 25 கிலோவை ஒட்டி வேண்டும். ஐந்து கிலோ வாளி ஒன்றோடு வந்து இரண்டு முறை பூசிவிட்டதாகச் சொன்னால், அது பெயிண்ட் அடித்த கதைதான். முதல் பூச்சு ஒரு திசையிலும் இரண்டாவது அதற்குக் குறுக்கேயும் போக வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் இருந்தால் விடுபட்ட இடம் உடனே தெரியும். கலவையில் தண்ணீரைக் கூட்டிப் பெருக்குவது பாலிமரின் பலத்தைக் குறைக்கும்.

டைலுக்கு முன் ஒருநாள் தண்ணீர்

பூச்சு இறுகிய பிறகு, டைல் ஒட்டுவதற்கு முன், வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, படம் எடுத்து வைக்க வேண்டும். மட்டம் குறைந்தாலோ கீழே ஈரம் தெரிந்தாலோ அப்போது திருத்துவது எளிது. டைல் ஒட்டிய பிறகு செய்யும் சோதனை குறையைக் காட்டும், ஆனால் திருத்த மீண்டும் உடைக்க வேண்டும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரையும் அழைத்துச் சீலிங்கைப் பார்க்கச் சொல்வது இருதரப்புக்கும் பாதுகாப்பு.

மூன்று நாளில் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், அவர் இந்தச் சோதனையைச் செய்யப் போவதில்லை என்று பொருள். உடைத்துச் சுத்தம் செய்ய இரண்டு நாள், மூலைகளையும் குழாய்களையும் சரிசெய்ய ஒன்றிரண்டு நாள், இரண்டு பூச்சுக்கும் அது இறுகவும் மூன்று நான்கு நாள், தண்ணீர் தேக்க ஒன்றிரண்டு நாள், பிறகு டைலும் கிரவுட்டும். இரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கக்கூடிய வேலையல்ல இது. வீட்டில் ஒரே குளியலறை என்றால் அந்த நாள்களுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

பூச்சின் மேல் வேலையாட்கள் காலணியோடு நடப்பதும், மண்வெட்டியை இழுப்பதும் அதைக் கிழித்துவிடும். அட்டையோ பிளாஸ்டிக்கோ விரிக்கச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகு தரையில் துளையிடவே கூடாது. கதவு நிறுத்தி, கண்ணாடித் தடுப்பு, கழிப்பறைக் கோப்பை ஆகியவற்றின் ஒரே ஒரு திருகாணி போதும், பூச்சில் ஓட்டை விழ. இவற்றைத் தரையில் சிலிக்கன் அல்லது பசை வைத்துப் பொருத்தும் முறைகள் உண்டு. தரையும் சுவரும் சேரும் கோட்டில் சிமெண்ட் கிரவுட்டுக்குப் பதில் பூஞ்சை பிடிக்காத சிலிக்கன் போடுவதும் நல்லது. அசையும் இடத்தில் சிமெண்ட் வெடிக்கும்.

அடுக்குமாடியில் யார் பொறுப்பு?

மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் நம் குடும்பங்களில் பலருக்கு ஒழுக்கு என்பது பணப் பிரச்சனை மட்டுமல்ல. பல ஆண்டு அண்டைவீட்டு உறவே இதனால் முறிகிறது. இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) நடப்பில் உள்ளது. கீழ்வீட்டுச் சீலிங்கில் ஒழுக்கு என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கருதப்படும். பாதிக்கப்பட்டவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல், ஜேஎம்பி அல்லது நிர்வாகக் கழகத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தகவல் கிடைத்த 7 நாள்களுக்குள் நிர்வாகம் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாள்களுக்குள் 28ஆம் பாரத்தில் ஆய்வுச் சான்றிதழ் வழங்க வேண்டும். காரணம் மேல்வீடு என்று சான்றிதழ் சொன்னால், அது கிடைத்த 7 நாள்களுக்குள் மேல்வீட்டு உரிமையாளர் சரிசெய்யும் நடவடிக்கையை எடுக்க வேண்டும். தவறினால் நிர்வாகமே சரிசெய்து, செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம். காரணம் பொதுக் குழாய் என்று தெரிந்தால் அது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆய்வுக்கு வருபவர்களை வீட்டுக்குள் விட மறுப்பது எந்த மேல்வீட்டுக்காரருக்கும் உதவாது. நிர்வாகமே அசையவில்லை என்றால் ஊராட்சி மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். அடுத்த படி ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம்.

புதிய வீடு என்றால் உடைக்கும் முன் சாவி பெற்ற தேதியைப் பாருங்கள். வீடமைப்புச் சட்டத்தின் கீழ் கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தில், சாவி ஒப்படைத்ததிலிருந்து 24 மாதங்கள் வரை குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக டைல் மாற்றியிருந்தால், ‘ஒழுக்கு உங்கள் வேலையால் வந்தது’ என்று மேம்பாட்டாளர் கைவிரிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

விலைப்பட்டியலில் எழுதி வாங்க வேண்டியவை

‘வாட்டர்ப்ரூஃபிங் – ஒரு குளியலறை’ என்று ஒரே வரியில் தொகை எழுதிய விலைப்பட்டியல் பயனற்றது. பூச்சின் பெயரும் வகையும், எத்தனை பூச்சு, எத்தனை கிலோ, சுவரில் எவ்வளவு உயரம், மூலையில் வலை உண்டா, எத்தனை மணி நேரம் தண்ணீர் தேக்கப்படும், வடிகுழாய் உடைந்தால் யார் செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பேரிடம் இப்படி எழுதி வாங்கி ஒப்பிட்டால், விலை குறைந்தவர் எதை விட்டுவிட்டார் என்பது தானாகத் தெரியும். குத்தகையாளர் சிஐடிபியில் பதிவு செய்தவரா என்றும் கேட்கலாம். அடுக்குமாடியில் வேலை தொடங்க நிர்வாகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுப்பதும், தண்ணீர் தேக்கும் சோதனை முடிந்த பிறகே ஒரு பகுதியைக் கொடுப்பதாக எழுதிக்கொள்வதும் நல்லது. உத்தரவாதம் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். பூச்சுப் பொருளுக்கு மட்டுமா, உடைத்து மீண்டும் டைல் ஒட்டும் கூலிக்கும் சேர்த்தா? பொருளின் விலை சிறிது. செலவெல்லாம் கூலியிலும் டைலிலும் இருக்கிறது. தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்கலாம். அங்கே பேசப் போவது ரசீதும், கையெழுத்திட்ட விலைப்பட்டியலும், டைல் மூடுவதற்கு முன் எடுத்த படங்களும்தான். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்து படங்கள் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ள வேண்டும்.